சூப்பர் மார்க்கெட் குப்பைத் தொட்டியில் இருந்து சாப்பாடு எடுப்பது தப்பா? (ஜெர்மனி)

பாலக்கோட்டான் கேட்டது:

மக்டெபர்க்கில் முதுகலை படிக்கிறேன், இரண்டாவது செமஸ்டர். விடுதியில் பக்கத்து அறையில் ஒரு ஜெர்மன் பையன் இருக்கிறான். போன வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, "பெரிய பையாக ஒன்று எடுத்துக்கொண்டு வா" என்றான். எங்கே என்று கேட்காமல் போனேன். டிராம் கடைசி நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடை. அதன் பின்புறம், லாரி வந்து சரக்கு இறக்கும் இடத்தில் நான்கு பெரிய தொட்டிகள். பூட்டு இல்லை, வேலியும் இல்லை. மூடியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னான்.

தயிர் டப்பா பத்தொன்பது எண்ணினேன். எல்லாவற்றிலும் மறுநாள் தேதி. வலைப்பையில் போட்ட ஆரஞ்சு நான்கு பை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பழத்தில் பூஞ்சை. நீளமான ரொட்டிகள், அன்று காலையில் சுட்டவை. அதற்கடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தக்காளி. இரண்டு மூன்று வெடித்திருந்தன. மற்றதெல்லாம் கல் மாதிரி கெட்டியாக இருந்தது.

எங்கள் வீட்டில் தக்காளிதான் போடுகிறோம், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர். நான் பத்தாவது படித்த வருடம் விலை கிலோ மூன்று ரூபாய்க்கு வந்துவிட்டது. பறிக்கிற கூலியும் ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி வாடகையும் சேர்த்தால் கைக்காசு போகும். அப்பா பறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மாடுகளை வயலுக்குள் விட்டார். அன்று அவர் வரப்பில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் என்ன என்று எனக்கு அப்போதே புரிந்தது. இந்தத் தொட்டியில் கிடந்த தக்காளிக்குக் காரணம் புரியவில்லை. கடைக்குள்ளே அதே தக்காளி கிலோ மூன்று யூரோவுக்கு மேல்.

எடுத்து வந்தோம். சமைத்துச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் அம்மா வீடியோவில் தக்காளியைப் பார்த்துவிட்டு "எங்கே வாங்கினே?" என்று கேட்டபோது சந்தையில் என்று பொய் சொல்லிவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

இது சட்டப்படி குற்றமா? விசாவுக்குப் பிரச்சினை வருமா? தேதி முடிந்த பொருளை எது வரை நம்பிச் சாப்பிடலாம்? இங்கே ரொம்ப நாள் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


முருங்கைக்கீரை எழுதியது:

தம்பி, நான் லைப்சிக்கில் எட்டு வருடமாக இருக்கிறேன். முதல் குளிர்காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். அதனால் உனக்குப் பாடம் நடத்த வரவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். தொட்டியில் போட்ட பிறகும், குப்பை வண்டி வந்து எடுக்கும் வரை அது கடைக்காரரின் சொத்து என்றுதான் இங்கே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2018 ஜூனில் மியூனிக்குக்குப் பக்கத்தில் ஓல்ஹிங் என்ற ஊரில் இரண்டு மாணவிகள் ஒரு கடையின் பூட்டிய தொட்டியைத் திறந்து உணவு எடுத்தார்கள். 2019 ஜனவரியில் திருட்டு என்று தீர்ப்பு வந்தது. ஆளுக்கு 225 யூரோ அபராதம், அதுவும் மறுபடி தவறு செய்தால்தான் கட்ட வேண்டும் என்று நிறுத்திவைக்கப்பட்ட அபராதம். கூடவே எட்டு மணி நேரம் 'டாஃபல்' உணவு வங்கியில் வேலை செய்ய வேண்டும். உணவை எடுத்ததற்கு உணவு வங்கியில் வேலை! அவர்கள் விடவில்லை, அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஆகஸ்டில் அங்கேயும் மனு தள்ளுபடி ஆனது. 2023 ஜனவரியில் உணவுத் துறை அமைச்சராக இருந்த செம் ஓஸ்டெமிரும் நீதித் துறை அமைச்சரும், சுவர் ஏறாமல் பூட்டு உடைக்காமல் எடுப்பவர்கள் மீது வழக்கை நடத்தாமல் கைவிடலாம் என்ற யோசனைக்கு ஆதரவு தெரிவித்தார்கள். ஆனால் சட்டத்தில் திருட்டு திருட்டாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பல வழக்குகளை அற்ப விஷயம் என்று முடித்துவிடுகிறார்கள், உண்மைதான். இருந்தாலும் நாளைக்கு நீ குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், உன் மேல் குற்ற விசாரணை நடக்கிறதா என்று படிவத்தில் கேட்பார்கள். பக்கத்து அறைப் பையனுக்கு அந்தக் கவலை இல்லை. உனக்கு உண்டு. அதனால் தொட்டிப் பக்கம் இனிமேல் போகாதே.

சாப்பாட்டை விட்டுவிடு என்று சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நீ கேட்ட காரணம். ஆரஞ்சு வலையில் ஒரு பழம் அழுகினால், அதைப் பிரித்து நல்லதைப் பொறுக்கி மறுபடி கட்ட ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். இங்கே அந்தப் பத்து நிமிடக் கூலி ஆரஞ்சு விலையைவிட அதிகம். பத்து முட்டை உள்ள அட்டையில் ஒன்று உடைந்தால் பத்தும் போகிறது. ரொட்டி அலமாரி கடை மூடும் நேரம் வரை நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். உன் அப்பா மாட்டை விட்டதும் இதே கணக்குதான் தம்பி. பண்டத்தைவிட அதைத் தொடுகிற கை விலை கூடிவிட்டது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்த நஷ்டம் உன் அப்பா தலையில் விழுந்தது. இங்கே கடைக்காரர் அதை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடுகிறார். நீ கடையில் பார்த்த மூன்று யூரோவில் தொட்டிக்குப் போன தக்காளியின் காசும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கடைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 2020 கணக்குப்படி இந்த நாட்டில் ஒரு வருடத்தில் வீணாகும் உணவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டன். அதில் கடைகளின் பங்கு 7 சதவீதம்தான். 59 சதவீதம் வீடுகளில் இருந்து போகிறது, தலைக்கு 78 கிலோ. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் என் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். காய்கறிப் பெட்டியின் அடியில் இரண்டு வாரம் முன்பு வாங்கிய கொத்தமல்லி கறுத்து நீராகிக் கிடந்தது.

இனி தேதி. இங்கே இரண்டு வகைத் தேதி உண்டு, இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள். 'மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்றால் குறைந்தபட்சம் அந்தத் தேதி வரை சுவையும் தன்மையும் மாறாமல் இருக்கும் என்று தயாரித்தவர் தரும் உறுதி. எம்-ஹா-டே என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்த நாள் தாண்டினால் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. கடைக்காரர் தன் பொறுப்பில் அதற்குப் பிறகும் விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. மூடி பிரிக்காத தயிரைப் பார், முகர், ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார். நன்றாக இருந்தால் சாப்பிடு. 'ஃபெர்ப்ராஉஹன் பிஸ்' என்று இருந்தால் விஷயம் வேறு. கொத்துக்கறி, பச்சைக் கோழி இதில் எல்லாம் அந்தத் தேதிதான் இருக்கும். அதைத் தாண்டினால் முகர்ந்து பார்க்கிற வேலையே வேண்டாம், தூக்கிப் போடு. நோய்க்கிருமி வாசனை காட்டிக்கொண்டு வராது.

ரொட்டியில் ஒரு புள்ளி பூஞ்சை இருந்தாலும் முழு ரொட்டியும் போக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே ஓடியிருக்கும். உப்பிய தகர டப்பாவைத் திறக்கவே திறக்காதே. பச்சை பிடித்த உருளைக்கிழங்கில் அந்தப் பகுதியை ஆழமாகச் சீவு, ரொம்பப் பச்சை என்றால் வேண்டாம்.

தொட்டியில் எடுப்பதில் எனக்குப் பெரிய பயம் இதுதான்: ஏன் போட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. பாட்டிலில் கண்ணாடித் துண்டு, சீஸில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி என்று நிறுவனமே திரும்பப் பெறும் பொருளும் அதே தொட்டியில் விழலாம். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். லேபென்ஸ்மிட்டல்வார்னுங் என்ற அரசுத் தளத்தில் திரும்பப் பெறும் பொருள்களின் பட்டியல் இருக்கிறது, அடிக்கடி பார்.

சரி, வேறு வழி என்றேனே. ஃபுட்ஷேரிங் என்று 2012-இல் இங்கே தொடங்கிய ஓர் அமைப்பு. தொட்டிக்குப் போவதற்கு முன்பே, கடைக்காரர் கையில் இருந்தே பெற்றுக்கொள்வது. தளத்தில் பதிவு செய்து, விதிமுறைகளைப் படித்து ஒரு வினாத்தேர்வு எழுத வேண்டும். பிறகு பழைய ஆள் ஒருவரோடு மூன்று முறை போய்ப் பழக வேண்டும். அடையாள அட்டை தருவார்கள். டாஃபல் எடுக்கிற கடையில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை, அவர்கள் விட்டதுதான் நமக்கு. எடுத்ததை விற்கக் கூடாது. சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வர முடியாது. கொடுப்பதை எல்லாம் எடுத்து, நாமே பிரித்து, இடத்தைத் துடைத்துவிட்டு வர வேண்டும்.

நான் சனிக்கிழமை மாலை ஒரு பேக்கரிக்குப் போகிறேன். மூன்று பெரிய காகிதப் பை ரொட்டி, சில நாள் நான்கு. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டி கட்டியிருக்கிறேன். கடையில் இருக்கும் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாள் பையை என்னிடம் நீட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பிடியை விடாமலே நின்றார். "முன்பெல்லாம் இதை நானே கொண்டு போய்க் கொட்டுவேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வருடக்கணக்காகத் தினமும் கொட்டிய ஒருத்தி அவர். அன்று முதல் நான் ஒரு சனிக்கிழமைகூடத் தாமதமாகப் போனதில்லை.

ரொட்டியில் எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தெரு முனையில் இருக்கும் 'ஃபேர்டைலர்' அலமாரியில் வைத்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேள்வி கிடையாது. காலையில் போனால் காலியாக இருக்கும். ஒரு தடவை வேறு கடையில் இருந்து பூந்தொட்டியோடு கொத்தமல்லிச் செடி இருபத்தெட்டு வந்தது, தண்ணீர் ஊற்றாமல் வாடியவை. பன்னிரண்டு பிழைத்தன. மற்றதைத் தொக்காக அரைத்துக் குடியிருப்பு முழுக்கக் கொடுத்தேன். மாடியில் இருக்கும் சிரியாக்காரர் இன்னும் அதைக் கேட்கிறார்.

அம்மாவிடம் உண்மையைச் சொல். தக்காளி விளைவிப்பவருக்கு உன்னை அருவருப்பாக நினைக்கத் தோன்றாது.


நெய்தல் எழுதியது:

ஷ்டுட்கார்ட்டில் பதினான்கு வருடம். எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு வருடச் செலவுக்கு என்று 11,904 யூரோ (2025 கணக்கு) வங்கியில் காட்டித்தான் மாணவர் விசா வாங்குகிறோம். சாப்பிட வழி இருக்கிறது என்று உறுதி கொடுத்துவிட்டு இலவசத்துக்குக் கை நீட்டுவது சரியா? உண்மையிலேயே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இரவில் தொட்டியில் நிற்கும் ஒருவனை யாராவது படம் பிடித்துப் போட்டால், அந்தப் பெயர் இங்கே கஷ்டப்பட்டு வேலை செய்யும் அத்தனை பேருக்கும்தான். பாலக்கோட்டான் கோபிக்க வேண்டாம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.


முருங்கைக்கீரை எழுதியது:

நெய்தல் அண்ணா, டாஃபலில் போய் வரிசையில் நின்றால் நீங்கள் சொல்வது பொருந்தும். அங்கே வருபவர்களில் ஓய்வூதியம் போதாத கிழவிகள் இருக்கிறார்கள், அந்தப் பங்கில் நாம் கை வைக்கக் கூடாது. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் டாஃபலும் எடுக்காமல் விட்ட ரொட்டியை நான் எடுக்காவிட்டால் அது யார் தட்டுக்கும் போகாது. ஒரு வாரம் எங்கள் அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், யாரும் போகவில்லை. மூன்று பையும் தொட்டிக்குப் போனது. அந்த வாரம் யாருக்கு நன்மை நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு பெயரும் வரவில்லை.

படம் பிடிப்பார்கள் என்பது நியாயமான பயம். அதனால்தான் அவனைப் பகலில், அட்டையோடு, முன்வாசல் வழியாகப் போகச் சொல்கிறேன்.


வல்வை_பாரிஸ் எழுதியது:

தம்பி, நான் பாரிசுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் ஒரு பெரிய கடையில் இரவு வேலை. கடை பூட்டின பிறகு பாண் (ரொட்டி), மரக்கறி, பால் எல்லாவற்றையும் தொட்டியில் போட்டு, மேலே ஜவெல் தண்ணீர் ஊற்ற வேண்டும். துணி வெளுக்கிற அதே ஜவெல்தான். ஒருவரும் எடுத்துச் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டு நோய் வருத்தம் வந்தால் கடை மேல் வழக்கு வரும் என்பது அவர்கள் சொன்ன காரணம். என்னுடைய கையால்தான் ஊற்றினேன். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் ஒரு றாத்தல் பாணுக்கு அம்மா விடிய நாலு மணிக்குப் போய் நின்றவா. அந்தப் பாணின் மேல் நான் ஜவெல் ஊற்றினேன். வாசனை கையை விட்டுப் போகாது. வீட்டுக்கு வந்து அந்தக் கையால் சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட நாட்கள் உண்டு. இதை நான் மனைவியிடம்கூடக் கன காலம் கதைக்கவில்லை.

2016 பெப்ரவரியில் இங்கே சட்டம் வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத நல்ல உணவைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்ய வேண்டும். சாப்பிடக்கூடிய உணவை வேண்டுமென்றே பழுதாக்கினால் அப்போது 3,750 யூரோ தண்டம். நான் அப்போது வேறு கடைக்கு மாறிவிட்டேன். புதன்கிழமைகளில் ஒரு சங்கத்தின் வான் வரும், பெட்டி பெட்டியாக ஏற்றிக் கொடுப்போம். அந்த வேலையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கிறதில்லை.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசி நாளில், அரைவாசி நைந்த பழத்தையும் சங்கத்தின் தலையில் கட்டிவிடுகிற கடைகளும் இருக்கின்றன. ஆனால் ஜவெல் போய்விட்டது. நெய்தல், நீங்கள் பெயர் கெடும் என்கிறீர்கள். அந்தப் போத்தலைத் திறந்தபோது எனக்குத்தான் மானம் போனது, தொட்டி பார்க்க வந்தவர்களுக்கு இல்லை.


கடைக்குட்டி எழுதியது:

சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்குப் பிரிவில் இருக்கிறேன். இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட், மசாலா மாதிரி பாக்கெட் சரக்கு பெரும்பாலும் தேதி முடிவதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திரும்பிப் போகும். காய்கறியில்தான் வீணாவது. இரவு ஒன்பதுக்கு மேல் பாதி விலை போடுவோம். மீந்த கீரையையும் கோஸ் இலையையும் மாடு வைத்திருக்கும் ஒரு அண்ணன் சாக்கோடு வந்து வாங்கிப் போவார். அந்த லைப்சிக் அலமாரி மாதிரி பெசன்ட் நகரில் 2017-இல் 'ஐயமிட்டு உண்' என்று ஒரு பொது ஃபிரிட்ஜ் வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான், பாதி விலைக்கும் போகாத வாழைப்பழத்தை வாசல் மேஜையில் வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வைக்கிறோம். தெருக்கூட்டும் அக்காக்கள் காலை ஆறு மணிக்கு எடுத்துப் போகிறார்கள்.


பாலக்கோட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முருங்கைக்கீரை அக்கா, வினாத்தேர்வில் முதல் முறை தோற்றேன். ஜெர்மன் சரியாகப் புரியவில்லை, அலமாரியில் எதை வைக்கக் கூடாது என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது முறை தேறிவிட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக ஒரு பெரியவரோடு போனேன், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். கடையின் பின்வாசல்தான், ஆனால் மணி அடித்து, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டு. நெய்தல் அண்ணா, படம் எடுத்திருந்தாலும் கவலை இல்லை. ஐந்து பெட்டி கிடைத்தது. அதில் ஒரு பெட்டி தக்காளி.

இரவு வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். முன்பு சொன்னது பொய் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "நல்லாக் கழுவினியா?" என்றார். அப்பா பெட்டியைக் காட்டச் சொன்னார். கேமராவைக் கிட்டே கொண்டு போய் ஒவ்வொரு தக்காளியாகத் திருப்பிக் காட்டினேன். தோல் தடிமனான ரகம், லாரியில் தாங்கும் என்றார். பெட்டியில் ஸ்பெயின், அல்மேரியா என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார். லாரியில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றேன்.

"பறிச்சவனுக்குக் கூலி கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அங்கே கூடாரப் பண்ணைகளில் மொராக்கோவில் இருந்து வந்தவர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அப்பா அந்தத் தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வீணாக்காதே, தொக்கு பண்ணு" என்றார்.

ஆறு கிலோ இருக்கிறது. அக்கா, தொக்கு பண்ணினால் எத்தனை நாள் தாங்கும்? வியாழக்கிழமை இரண்டாவது தடவை போகிறேன், அதற்குள் முடித்தாக வேண்டும்.


முருங்கைக்கீரை எழுதியது:

மூன்று வாரம் தாங்கும், ஃபிரிட்ஜில் வைத்தால். புளியைக் குறைக்காதே. எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை கிளறு, ஆறு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அடி கனமான பாத்திரம் இல்லையென்றால் இரண்டு தடவையாகப் பிரித்துப் பண்ணு. பாட்டிலை வெந்நீரில் போட்டுக் காயவைத்துவிட்டு நிரப்பு. ஈரக் கரண்டி போடாதே. அந்த ரயில்வே தாத்தாவுக்கு ஒரு பாட்டில் கொடு, காரம் பாதியாகப் போட்டு.